அடிஸ் அபாபாவில் ஒரு காபி

அடிஸ் அபாபாவில் காபிக்கு அவசரம் ஆகாது. புல் பரப்பிய தரை, சாம்பிராணி வாசம். பச்சைக் கொட்டையைக் கழுவிக் கண்ணெதிரே கரி அடுப்பில் வறுத்து, புகையும் சட்டியை நம் மூக்கருகே நீட்டுவது அங்கே மரியாதை. இடித்த தூள் ஜெபெனா என்ற கறுப்பு மண்கூஜாவில் கொதிக்கும். மண்டி அடங்கியதும் கூஜாவைத் தூக்கிப் பிடித்து, பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் ஒரே இழையாக ஊற்றுவார்கள். கொறிக்க மக்காச்சோளப் பொரி. அபோல், தோனா, பரக்கா என மூன்று சுற்று. ஒவ்வொன்றும் முந்தியதைவிட லேசானது. மூன்றாவது ஆசிச் சுற்று, அதற்குமுன் எழுந்துவிடாதீர்கள்.

யாராவது நேரம் சொன்னால் உஷார்: உள்ளூர்க் கணக்கு விடியலில் தொடங்குகிறது, நம் காலை 9 மணி அவர்களுக்கு 3. நகரம் 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முதல் நாள் மெதுவாக நடங்கள். மாலைக்கு ஸ்வெட்டர் அவசியம்.