சமன்செய்த பத்திகளும் உடைந்த தமிழும்

"வால்பாறை" என்ற சொல்லில் ஐகாரக் குறி றகரத்துக்கு முன்னால் தெரிகிறது. ஒருங்குறியில் அது றகரத்துக்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. இடம் மாற்றிக் காட்டுவது உலாவியின் வேலை. 2006இல் வெளியான பயர்பாக்ஸ் 2, இருபுற விளிம்பும் சமன்செய்யப்பட்ட தமிழ்ப் பத்திகளில் இதில் தவறியது. உயிர்க்குறிகள் எழுத்தை விட்டு உதிர்ந்து நின்றன. அதே பக்கம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஒழுங்காகத் தெரிந்தது. 2008இல் பயர்பாக்ஸ் 3 இக்குறையைக் களைந்தது.

குறை உலாவியுடையதே. ஆயினும் வடிவமைப்பாளர்களை விட்டுவிட முடியாது. சமன்செய்தல் அச்சுத்தாளின் வழக்கம். நீண்ட தமிழ்ச் சொற்கள் வரியிறுதியில் பிரிக்கப்படாத திரையில், அது குறுகிய பத்திகளுக்குள் பெரும் வெற்றிடங்களையே உண்டாக்குகிறது. அழகுக்காகச் செய்தது அழகாகவும் இல்லை. இடப்புறம் மட்டும் சீராக்கியிருந்தால் இரு உலாவிகளிலும் வாசகர் படித்திருப்பார். ஒரே ஒரு பண்பை நீக்கினால் போதும். அதற்குப் பதிலாக வாசகரிடம் உலாவியை மாற்றச் சொல்வது எளிய வழிதான், ஆனால் நியாயமானதன்று.

இப்போக்கு புதிதுமன்று. ஒருங்குறிக்கு முந்தைய இயங்கு எழுத்துருக் காலத்தில் எக்ஸ்புளோரருக்கு இஓடி, நெட்ஸ்கேப்புக்குப் பிஎஃப்ஆர் என இரு கோப்புகள் தேவைப்பட்டன. ஒன்றை மட்டும் தந்த தளத்தில், மற்ற உலாவிக்காரருக்குக் கிடைத்தது பொருளற்ற குறிகளின் குவியலே.