காடு என்னும் சொல்: வனச் சட்டங்கள் பற்றி ஒரு திறனாய்வு

இலக்கியத் திறனாய்வாளர் சட்டநூலைத் தொடுவதில்லை. அது வழக்கறிஞர்க்கு உரியது என ஒதுக்கிவிடுகின்றனர். ஆயினும், ஒரு சொல்லுக்குப் பொருள் வரையறுத்து, அவ்வரையறையினாலேயே மக்களின் வாழ்வை மாற்றிவிடும் ஆற்றல் சட்டநூலுக்கு உண்டு. உரைகண்ட மரபில் வந்த நாம் அதனையும் ஒருமுறை சொல்லெண்ணிப் படித்தல் தகும். ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது காடு என்னும் ஒரு சொல்லையே.

எலப்புள்ளி, பாலக்காட்டுக் கணவாயிலுள்ள சமவெளி ஊர். வடக்கே வாளையாற்று மலைகள். தெற்கே நெல்லியாம்பதியும் அதனைத் தொடர்ந்து ஆனைமலையும். கொங்குத் தமிழ் கலந்து வழங்கும் இவ்வெல்லையில் ஒருவர் 'காட்டுக்குப் போகிறேன்' என்றால் அவர் வேட்டைக்குப் போகவில்லை, புன்செய்க்குப் போகிறார். கடலைக்காடு, சோளக்காடு என்பன மக்கள் வழக்கு. இறந்தோரைக் கொண்டுசெல்லுமிடமும் காடே. ஆக, நம் மொழியில் காடு மனிதன் இல்லாத இடமன்று. முல்லைக்கும் குறிஞ்சிக்கும் கருப்பொருள் வகுத்த தொல்காப்பியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என அடுக்கினார். பறையும் யாழும் தொழிலும் மக்களின்றி அமையா.

இனி, 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் வரையறைப் பிரிவை நோக்குவோம். கால்நடை இன்னது, மரம் இன்னது, வனப்பொருள் இன்னது, ஆறு இன்னது என வரையறுக்கும் அப்பிரிவு, காடு இன்னது எனச் சொல்லவே இல்லை! நூலின் தலைப்பில் நிற்கும் சொல்லுக்கே நூலில் பொருள் இல்லை. சொன்னவற்றிலும் விந்தைகள் உள. யானை கால்நடையுள் அடங்கும். மூங்கில் மரமாகும். புறத்தே வன்மையுடையது புல், அகத்தே வைரமுடையது மரம் எனத் தொல்காப்பிய மரபியல் பிரித்துக் காட்டிய வேறுபாட்டினை இச்சட்டம் உணர்ந்து, மூங்கிலை மரப்பட்டியலினின்று நீக்கியது 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். இடைப்பட்ட 90 ஆண்டுகளில், மூங்கில் வெட்டி வாழ்ந்தோர் மரம் வெட்டிய குற்றத்துக்கு ஆளாகும் நிலையில் இருந்தனர். இலக்கணப் பிழை என்று சிரித்துவிட்டுப் போகத்தக்கதன்று இது.

இந்நூலுக்கு மூத்தது 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம். பாலக்காடு அன்று மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்தில் இருந்தமையால், எலப்புள்ளிக்கு எதிரே தெரியும் வாளையாற்று மலைகளை ஆண்டது அச்சட்டமே. அண்டையிலுள்ள சித்தூர் கொச்சி அரசுக்கும், இடுக்கி மலைகள் திருவிதாங்கூருக்கும் உரியனவாயிருந்தன. அவற்றின் சட்டங்கள் வேறு. 1882க்கு முந்திய வரலாறு நம்மவரால் மறக்கப்பட்டது. காடுகளை அரசின் உடைமையாக்கும் திட்டம் எழுந்தபோது, 1871இல் சென்னை வருவாய் வாரியமே அதனை மறுத்தது. இம்மாகாணத்தில் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்காத காடு இல்லை எனலாம். அவற்றில் அரசுக்குத் தனியுரிமை இருந்ததாகத் தெரியவில்லை என்பது அதன் கருத்து. வெள்ளை அதிகாரிகள் எழுதியது இது, நாட்டுப்பற்றாளர் எழுதியதன்று. பதினோராண்டில் அக்கருத்து தோற்றது. கப்பலுக்கும் இருப்புப்பாதைக்கும் மரம் வேண்டியிருந்தது.

அவ்வாறு அரசுக்கென ஒதுக்கப்பட்டதைத் தமிழில் நாம் 'காப்புக்காடு' என்கிறோம். மொழிபெயர்ப்பு இங்கே பெரும்பிழை செய்துவிட்டது என்பது நம் துணிபு. மூலச்சொல்லின் பொருள் ஒதுக்கி வைத்தல், காத்தல் அன்று. காப்பு என்னும் மங்கலச் சொல்லைப் போர்த்தியதும், ஒதுக்கினவர் காவலர் ஆனார். உள்ளே இருந்தவர் அத்துமீறியவர் ஆனார். ஊர்மக்கள் அச்சொல்லை ஏற்காமல் இன்றும் 'ரிசர்வு' என்கின்றனர். பொருள் தெளிந்து பேசுபவர் அவர்களே.

விடுதலைக்குப்பின் நடை மாறியதா? ஒதுக்குமுன் அறிவிப்பு விட்டு, உரிமையுடையோரை அழைத்துக் கேட்கும் பகுதியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1927ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாதத்துக்குக் குறையாத காலம் தந்தது. உரிமை கோருவோர் எழுதித் தரலாம், அல்லது நேரில் வந்து வாயாற் சொல்லலாம் என்றது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயங்களுக்குத் தந்ததோ இரண்டு மாதம். கோரிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். எழுத்தறியா மலைமக்களின் வாய்ச்சொல்லுக்கு அயலான் விட்டுவைத்த சிறு வாயிலை நம்மவர் அடைத்தனர். நோக்கம் நல்லதாயிருக்கலாம், வாக்கியம் நல்லதன்று.

இதனால் பழந்தமிழர் காட்டின் காவலர், சட்டம் காட்டின் பகை எனக் கொள்ளல் வேண்டா. காட்டை அழித்து நாடாக்கியதனைக் கரிகாலனுக்குப் புகழாகவே சொல்லியது பட்டினப்பாலை. மறுபுறம், நம் மாவட்டத்துச் சைலன்ட் வேலியில் குந்திப்புழைக்கு எழவிருந்த அணை நின்று, 1984இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. சுகதகுமாரி போன்ற மலையாளக் கவிஞரும் அறிவியல் எழுத்தாளரும் மேடையேறிப் பெற்ற வெற்றி அது. சட்டத்தின் துணையின்றி அதுவும் நிலைத்திராது.

காடு என்றால் என்ன என்னும் வினா 1996இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகள் அழிவது கண்டு தொடுத்த வழக்கு. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்திலும் அச்சொல்லுக்குப் பொருள் இல்லாமையால், அகராதிப் பொருளே கொள்க என்றது மன்றம். சொல்லாராய்ச்சியாளர்க்கு இதைவிடப் பெருமை ஏது! (அவ்வகராதி கொங்கு வட்டார வழக்ககராதியாய் இருந்திருப்பின், நம்மூர்க் கடலைக்காடும் வனத்துறைக்குப் போயிருக்கும்.) 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பரப்பைச் சுருக்க முற்பட்டது, 2024 பிப்ரவரியில் மன்றம், இடைக்கால ஆணையால், அகராதிப் பொருளையே தொடரச் செய்தது. அகராதியோ மரத்தைச் சொல்லும், மனிதனைச் சொல்லாது.

மனிதனைச் சொல்லிய முதல் நூல் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். காட்டில் வாழ்வோர்க்கு வரலாற்றில் இழைக்கப்பட்ட அநீதியை முகவுரையிலேயே ஒப்பும் இச்சட்டம், நடையிலும் முன்னைய சட்டங்களினின்று வேறுபட்டது. 2008இல் வந்த இதன் விதிகளிலும் பழைய மூன்று மாதக் கெடு மீண்டும் தலைகாட்டுகிறது. ஆனால், அதனை நீட்டிக்கும் அதிகாரம் கிராம சபையிடம் உள்ளது. சான்றுகளின் பட்டியலோ நம் நெஞ்சை ஈர்ப்பது. அரசுப் பதிவேடுகளோடு, கிணறு, இடுகாடு, தெய்வம் உறையும் இடம் ஆகியனவும் சான்றாகும். முதியோர் சொல்லக் கேட்டு எழுதிய வாக்குமூலமும் சான்றாகும். பறையும் யாழும் வழிபாடும் அடங்கிய பழைய திணை நூற்றாண்டுகள் கழித்துச் சட்டத்துள் நுழைந்தது போலும்!

அவ்வாக்குமூலத்தை எந்த மொழியில் எழுதுவது என அவ்விதி கூறவில்லை. அட்டப்பாடி இருளர், பரம்பிக்குளத்து மலசர், மதுரையிலிருந்து வந்தோம் எனச் சொல்லும் இடுக்கி முதுவர் ஆகியோர் பேச்சு தமிழுக்கு நெருங்கியது. அலுவலக மொழி மலையாளம். முதியவர் ஓர் ஓடையின் பெயரையோ இடுகாட்டின் பெயரையோ சொல்ல, எழுதுபவர் அதனை வேறொன்றாகக் கேட்டெழுதினால், கோரிக்கையின் எல்லையே இடம்பெயர்ந்துவிடும். இம்மலைமொழிகளின் இடப்பெயர்களைத் தொகுத்த முறையான சொற்கோவை ஒன்று கோரிக்கை எழுதுவோர் கையில் இருத்தல் வேண்டும். எல்லையில் வாழும், இருமொழியும் அறிந்த தமிழன்பர்கள் நம்மிடையே பலர் உளர். அப்பணியை மேற்கொள்ள அவர்களினும் தகுதியுடையார் எவர்?