ஆள்மாறாட்டப் படங்களும் அவற்றின் சம்பிரதாயமும்

நம் திரைப்படச் சங்கத்தின் மூத்தவர்கள் பலர் அநுபவத்தாலும் ஞாபகசக்தியாலும் என்னைக் காட்டிலும் தகுதி வாய்ந்தவர்களாக இருக்க, மர்மப் படங்களில் ஆள்மாறாட்டக் கதைகளைப் பற்றி எழுதும் பொறுப்பை மலர்க் குழுவினர் என்னிடம் ஒப்படைத்தது, இவ்விஷயத்தில் அம்மூத்தவர்களுள் நாங்கள் பெரியவர் என்று போற்றுபவரின் அபிப்பிராயங்களை யாரேனும் ஒருவர் எழுத்தில் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசையினாலேதான் என்று கருதுகிறேன்.

இவ்வகைப் படங்களின் பரம்பரைகளைப் பற்றி அங்கத்தினர்களுக்கு விஸ்தாரமாகச் சொல்லவேண்டியதில்லை. 1940இல் சின்னப்பா இரட்டை வேடம் தாங்கிய 'உத்தமபுத்திரன்', 1950இல் நம்பியார் வேஷத்திற்கு மேல் வேஷம் போட்ட 'திகம்பர சாமியார்' ஆகிய இரண்டையும் அளித்த சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் வழியில், இன்னார் வேடத்தில் இன்னார் இருக்கிறார் என்பதைப் பார்ப்பவர் அறிவார், கதாபாத்திரங்களே அறியமாட்டார்கள். 'அந்த நாள்' எடுத்த எஸ். பாலசந்தரும் ஜாவர் சீதாராமனும் 1954இல் அந்த ரகசியத்தை நம்மிடமிருந்தும் மறைத்தார்கள். ரேடியோ எஞ்சினீயர் ராஜன் மெய்யாக யார் என்பதைப் பாட்டே இல்லாத அந்தப் படம் கடைசிவரையில் கட்டிக்காத்தது. 'கலங்கரை விளக்கம்', 'யார் நீ' முதலியவற்றுக்கும் அபிமானிகள் உண்டு. அவர்கள் மனம் புண்படும்படி எதுவும் சொல்வது என் நோக்கமன்று.

எங்கள் பெரியவரோ 1964இல் வெளிவந்த 'புதிய பறவை'யையே இவ்வகைக்கு உரைகல்லாகக் கொண்டவர். மைக்கேல் ஆண்டர்சன் 1958இல் எடுத்த 'சேஸ் எ கிரூக்கட் ஷாடோ' என்ற ஆங்கிலப் படம் வங்காளத்தில் 'சேஷ் அங்க'மாகி, அங்கிருந்து தாதா மிராசியின் கையில் தமிழுக்கு வந்த வரலாற்றை அவர் சொல்லக் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் செத்துப்போன தமையன் நான்தான் என்று ஒருவன் ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை மாளிகைக்குள் நுழைகிறான். வங்காளத்திலும் தமிழிலும் அந்த இடத்தை இறந்துபோன மனைவி பிடித்துக்கொண்டாள். தமையனைப் பொய்யென்று சொல்லும் தங்கைக்கு நேரும் சங்கடத்தைவிட, மறுமணத்துக்கு நிச்சயம் செய்துகொண்ட வேளையில் வந்து நிற்பவளை என் மனைவியல்லள் என்று சொல்லும் புருஷனுக்கு நேரும் சங்கடம் எத்தனை மடங்கு பெரிது! அவள் பொய் என்று நிரூபிக்கவேண்டுமானால் மெய்யானவள் இறந்தாள் என்று காட்டவேண்டும். எப்படி இறந்தாள் என்று காட்டப் புகுந்தால் தன் குற்றத்தையே சாட்சிக்கு அழைக்கவேண்டும். தமிழில் அந்தப் புருஷனாகச் சிவாஜி நடித்த கோபால் தானாகவே நடந்துபோய் அந்தப் பொறியில் விழுகிறான், யாரும் அவனைப் பிடித்துத் தள்ளவில்லை.

இப்படத்தை ஒருமுறை பார்த்தவர் பாதிதான் பார்த்தவர் என்பது பெரியவரின் சித்தாந்தம். முதல் தடவை சிவாஜியைப் பாருங்கள், மறுதடவை மற்றவர்கள் எல்லோரும் போலீஸார் என்ற ஞானத்தோடு சரோஜாதேவியைப் பாருங்கள் என்பார். அப்போது அவர் ஏற்ற காதலி லதாவின் ஒவ்வொரு பரிவான கேள்வியும் விசாரணையாகவும் தொனிக்கிறது. ஆயினும் பரிவு பொய்யாகிவிடவில்லை, அவள் காதல் மெய் என்பதைக் கடைசியில் அவளே ஒப்புக்கொள்கிறாள். எம்.ஆர். ராதாவின் வில்லத்தனம் சற்று அளவுக்கு மிஞ்சியதல்லவா என்று முதல் தடவை குறைபட்டவர்கள், வில்லன் வேஷம் கட்டிய போலீஸ்காரன் ஒருவனையே அவர் நடித்துக் காட்டியிருக்கிறார் என்பதை மறுதடவை கண்டு வாயடைத்துப்போவார்கள். கண்ணீர் வடிக்கும் குணவதிகளாகவே நாம் பார்த்துப் பழகியிருந்த சௌகார் ஜானகி, நாகரிகமும் அலட்சியமும் கொண்ட சித்ராவாகவும் அவளைப்போல் வந்தவளாகவும் தோன்றினார். அச்சில் வார்த்தாற்போல் அத்தனை ஒத்த முகமுடையவள் போலீஸாருக்கு எப்படிக் கிடைத்தாள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும், கோபால் அந்தக் கேள்வியை நின்று நிதானமாகக் கேட்கக்கூடிய மனநிலையில் இல்லை என்பதே பெரியவர் சொன்ன பதில், எனக்கு அது போதும்.

இக்காலத்தில் இத்துறையில் உழைப்பவர்களில் திறமைசாலிகள் இல்லையென்று சொல்ல நான் துணியவில்லை. ஆனால் சிலருடைய படங்களில், ஒருவர் வேறொருவர் என்று வெளிப்பட்டவுடனேயே, முன்பு நாம் கண்ட காட்சிகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மறுபடி ஓட்டி, இதோ இங்கே பார்த்தீர்களா, அங்கே கவனித்தீர்களா என்று விளக்கம் சொல்லும் வழக்கம் புகுந்திருக்கிறது. அதிலும் சிலர் முன்பு காட்டாததையும் காட்டியதுபோல் நடுவே செருகிவிடுகிறார்கள். இது ரசிகனுடைய புத்தியின்மேல் சொல்லப்படும் அவதூறு அல்லவா? விளக்கம் எப்படியும் வரும் என்று தெரிந்தபின் கவனித்துப் பார்ப்பவர் யார்? கவனிக்க வேண்டாதபோது நேரத்துக்கு வந்து உட்காருபவர் யார்? பாதியில் எழுந்து போவதும், கைப்பேசியின் வெளிச்சத்தைப் பக்கத்திலிருப்பவர் முகத்தில் அடிப்பதும், வீட்டிலே பெரியவர்கள் ஒரு விஷயம் சொல்லத் தொடங்கினால் முடிவை மட்டும் சொல்லுங்கள் என்று பிள்ளைகள் பறப்பதும், கல்யாண வீட்டில் எதிரே நிற்கும் சித்தப்பாவை இவர் யார் என்று கேட்பதும் இந்த ஒரே வியாதியின் பல ரூபங்கள் என்று சொன்னால் மிகை என்பார்கள்; நான் அப்படி நினைக்கவில்லை.

1960இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பின்னர் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் கொட்டகைக்காரர்களிடம் கண்டிப்புச் செய்தார். நம் மாதாந்தரத் திரையிடலுக்கும் அந்த விதி வேண்டுமென்று பெரியவர் சொல்லி வருவதை நிர்வாகக் குழுவினர் அறிவார்கள். செயலாளர் அவர்கள் அதைத் தயைகூர்ந்து அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவந்தால், முன்மொழிய நான் இருக்கிறேன்; தாமதமாக வருபவர்களில் குழு அங்கத்தினர் சிலரும் உண்டு என்பதால் வழிமொழிபவரைத்தான் தேடவேண்டியிருக்கும்.