வெயில் நிறம் விற்ற விளம்பரங்கள்

மேனாட்டுச் சஞ்சிகைகளின் பழைய தொகுதிகளைப் புரட்டுவோர், அழகுப்பூச்சு விளம்பரங்களிலே நீச்சலுடை அணிந்த நங்கையரைக் கண்டு முகஞ்சுளிப்பதுண்டு. அம்முகச்சுளிப்பில் நமக்கு உடன்பாடில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கம்பளி உடையைச் சுமந்துகொண்டு கடலில் இறங்கிய பெண், பின்னர் கைகால்களை வீசி நீந்தக்கூடியவளானது பெரும் பேறே. நாம் வினவவேண்டியது வேறு: அப்படங்கள் எதனை விற்றன, யாரை மறைத்தன?

வயலில் உழைப்போர் வெயிலிற் கருகிய காலத்தில் வெண்மை ஓய்வின் அடையாளமாயிருந்தது. உழைப்பாளர் ஆலைகளுக்குட் புகுந்தபின், வெயிலிற் படுத்திருக்க நேரமுடையோர் யார் என்பதை மேனியின் பழுப்பு நிறமே காட்டலாயிற்று. பிரான்சில் 1936 ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்களின் பயனாகத் தொழிலாளர் இருவாரச் சம்பள விடுமுறையைச் சட்டப்படி பெற்றனர். அக்காலப்பகுதியிலேயே லொறியல் நிறுவனம் தனது வெயிலெண்ணெயைச் சந்தைக்கு விட்டது. போராடிப் பெற்ற ஓய்வும் போத்தலில் அடைபட்டு விலைக்கு வந்தது!

உடை சுருங்கச் சுருங்க, எண்ணெய் பூசவேண்டிய பரப்பு விரிந்தது. 1946 யூலை 5 இல் லூயி ரேயார் பாரிசிற் காட்சிக்கு வைத்த ஈருடுப்புக்கு, நான்கு நாட்களுக்கு முன் அமெரிக்கா அணுகுண்டு வெடித்த பிகினித் தீவின் பெயரைச் சூட்டினார். அக்குண்டுக்காகத் தம் மண்ணினின்று அகற்றப்பட்டோர் 167 பேர்.

இவ்வகை விளம்பரங்களுள் நுணுகி நோக்கத்தக்கது, மியாமியிற் பிறந்த கொப்பர்ரோன் என்னும் பூச்சினுடையது. முதலில் அதன் சின்னம் செவ்விந்தியத் தலைவரொருவரின் முகம். வெளிறிய முகத்தோடு திரியாதீர் என்பது உடன்சென்ற வாசகத்தின் கருத்து. நிலம் பறிக்கப்பட்ட மக்களின் முகத்தைக் கொண்டே, பறித்தோரின் வழித்தோன்றல்களுக்கு நிறம் விற்ற துணிவை என்னென்பது! 1953 இல் அவரிடத்தைச் சிறுமி ஒருத்தி பிடித்தாள். கறுப்பு நாய்க்குட்டி அவளுடைய குளியலுடையைப் பற்றி இழுக்கிறது. உடை விலகிய இடத்தில் வெண்தோல் தெரிகிறது. ஓவியர் யொய்ஸ் பலன்ரைன் 1959 இல் வரைந்த வடிவமே பெரும்புகழ் பெற்றது. உருவ அமைதியிற் குறைகாண முடியாத படம் அது, பார்ப்பவர் சிரித்துவிடுவர். ஆயினும் அதன் பொருள் முழுவதும் பழுப்புக்கும் வெண்மைக்கும் இடையேயுள்ள கோட்டிலேயே தங்கியுள்ளது. இவள் பிறப்பால் வெள்ளைச் சிறுமி, இப்பழுப்பு விலைக்கு வாங்கியது, விடுமுறை கழிந்ததும் மறைவது என்பதற்கு அக்கோடே உறுதிச்சீட்டு. நீச்சலுடை இங்கே அளவுகோலாகிவிடுகிறது.

பிறப்பிலேயே கருநிறமுடையோருக்கு அதே மியாமியில் எங்கே இடமிருந்தது? 1945 மே மாதத்திற் கறுப்பின மக்கள் சிலர், வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட ஹோலோவர் கடற்கரையிலே துணிந்து நீரில் இறங்கினர். அதன் பின்னரே, ஓகஸ்டில், வேர்ஜினியா கீ என்னும் தீவில் அவர்களுக்கெனத் தனிக் கடற்கரை திறக்கப்பட்டது. 1947 இற் பாலவீதி அமையும்வரை அங்கே படகிலேதான் செல்லவேண்டும். மிசிசிப்பி மாநிலத்துப் பிலொக்சியில் நிலைமை இன்னுங் கொடிது. கொப்பர்ரோன் சிறுமியின் புதுவடிவம் வரையப்பட்டதற்கு மறு ஆண்டு, 1960 ஏப்பிரல் 24 இல், அங்கே கடலாடச் சென்ற கறுப்பின மக்களை வெள்ளையர் கூட்டமொன்று தடிகளாலும் சங்கிலிகளாலும் தாக்கியது. அக்கடற்கரை சட்டப்படி எல்லோருக்கும் திறக்கப்பட 1968 ஆயிற்று.