சுவருக்குக் கல் மொசைக்: பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்

இரவு ஒன்பது மணிக்கு ஒரு ஷீட்டை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தேன். காலை ஆறு மணிக்குத் தூக்கியபோது வலையோடு சில துண்டுகள் மட்டுமே கைக்கு வந்தன. ஓர் அடிக்கு ஓர் அடி அளவுள்ள அந்த ஷீட்டில் இருந்த மணற்கல் துண்டுகளில் பாதிக்கு மேல் வாளியின் அடியில் கிடந்தன. கல்லின் பின்பக்கத்தில் அப்பியிருந்த வெள்ளைப் பசை கஞ்சி மாதிரி ஊறிப்போயிருந்தது. 'வெளிச்சுவருக்கும் தாராளமாப் போடலாம் சார்' என்று சொல்லித்தான் கடையில் இதைக் கொடுத்திருந்தார்கள்.

இன்னொரு கடையின் மாதிரி ஷீட்டும் அதே இரவு பக்கத்து வாளியில்தான் இருந்தது. அதில் ஒரு துண்டுகூட அசையவில்லை. திருப்பிப் பார்த்தால் காரணம் தெரிந்தது. அதில் எபாக்சிப் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்து வலையைப் பிடித்திருந்தார்கள். கல்லின் பெரும்பகுதி வெறும் கல்லாகவே வெளியே தெரிந்தது. முதல் ஷீட்டிலோ பின்பக்கம் முழுக்கப் பசை. நாம் பூசும் கலவை கல்லைத் தொடவே தொடாது, அந்தப் பசையைத்தான் தொடும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிப் பசை இளகினால், கலவை சுவரோடு நிற்கும், கல் தரைக்கு வரும்.

முன்பக்கம் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதே ராஜஸ்தான் மணற்கல், அதே பழுப்பு மஞ்சள், உடைத்த முகத்தோடு கரடுமுரடாக. இயற்கைக் கல் மொசைக் வாங்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கடையில் ஷீட்டைத் திருப்பிப் பாருங்கள்.

திருச்சியில் எங்கள் வீட்டில் இரண்டு இடங்களில் கல் ஒட்டினோம். வெளியே, மேற்கே பார்த்த எலிவேஷன் சுவரில் 110 சதுர அடிக்கு மணற்கல். உள்ளே, டிவி மாட்டும் சுவரில் 64 சதுர அடிக்கு வெள்ளை மார்பிள் மொசைக். வேலை முடிந்து ஒரு கோடையும் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையும் கடந்துவிட்டன. அதன் பிறகே எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன். ஒட்டிய வாரத்தில் எந்தக் கல்லும் அழகாகத்தான் இருக்கும்.

முதலில் எடை. மணற்கல் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,300 கிலோ. 20 மி.மீ. தடிமனில் ஒரு சதுர அடிக்கு நான்கு கிலோவுக்கு மேல் வரும். எங்கள் வெளிச்சுவர்க் கல் மட்டுமே நானூறு கிலோவைத் தாண்டியது. ஒட்டும் கலவையையும் சேர்த்தால் அரை டன். அந்த அரை டன்னும் சுவரின் அரை அங்குலப் பூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகிறது. பூச்சு கழன்றால் எவ்வளவு விலையுயர்ந்த கல்லானாலும் பூச்சோடு சேர்ந்து விழும்.

அதனால் மேஸ்திரி முதல் நாள் கல்லையே தொடவில்லை. சுத்தியலின் பிடியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், பூச்சு விட்டுப்போன இடத்தில் 'டொப்' என்று ஒரு சத்தம். தூணும் செங்கல் கட்டும் சேருகிற இடத்தில் ஒன்றரை அடிக்கு டொப் என்றது. சாக்பீஸால் வட்டம் போட்டார். அந்த இடத்தைக் கொத்தியெடுத்து, கோழிவலை அடித்து, புதிதாகப் பூசினோம். கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. அந்தச் சந்திப்பில் விரிசல் வரத்தான் செய்யும். கோழிவலை இல்லாமல் பூசியதன் மேல் கல்லை ஒட்டினால் விரிசல் கல்லுக்கும் வந்துவிடும்.

புதுப் பூச்சுக்கு ஒரு வாரம் தண்ணீர் விட்டோம். அதன் பின் மொத்தம் 28 நாள் ஆகும்வரை காத்திருந்தோம். இந்தக் காத்திருப்பைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். பழைய சுவராக இருந்தால் பெயின்டையும் பட்டியையும் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். பட்டியின் மேல் ஒட்டிய கல் பட்டியைத்தான் பிடித்திருக்கும்.

அடுத்தது ஒட்டுக் கலவை. சிமென்ட் பாலை அப்பிக் கல்லைப் பதிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. தரையில் அது ஓடும். மேற்கு வெயில் படுகிற சுவரில் வெறும் சிமென்ட் காய்ந்து சுருங்கிக் கல்லை விட்டுவிடும். உறவினர் வீட்டு மதில் சுவரில் இப்படி ஒட்டிய கல், மூன்றாவது ஆடிக்காற்றுக்குள் தூங்குமூஞ்சி மரத்துக் காய் மாதிரி உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூட்டையில் வரும் டைல் ஒட்டுப்பசைக்கு இந்தியத் தரநிர்ணயம் இருக்கிறது: ஐ.எஸ். 15477. இதன் 2019 பதிப்பு பசையை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. வெளிச்சுவரில் கல் ஒட்ட டைப் 3-க்குக் குறைந்ததை வாங்காதீர்கள். ஐரோப்பியக் குறியீடு போட்ட மூட்டையானால் சி2, டி, இ, எஸ்1 ஆகிய நான்கையும் தேடுங்கள். சி2 என்பது பிடிமானம். டி இருந்தால் கல் சுவரில் வழுக்கி இறங்காது. இ இருந்தால் பூசியபின் ஒட்டுவதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். எஸ்1 என்பது வெயிலில் சுவர் விரிந்து சுருங்கும்போது பசையும் சற்று வளைந்துகொடுக்கும் தன்மை. திருச்சி மாதிரி ஊரில் இந்தக் கடைசி எழுத்துக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

கரடுமுரடான கல்லுக்கு 5, 6 மி.மீ. கனத்தில் பசை போகிறது. 20 கிலோ மூட்டை ஒன்று எங்களுக்கு 20 முதல் 24 சதுர அடிவரைதான் வந்தது. மூட்டையில் அச்சடித்திருப்பது 3 மி.மீ. கனத்துக்கான கணக்கு. அதைப் பாதியாக்கிக்கொண்டு வாங்குங்கள்.

கலக்கும்போது ஒரு சின்னத் தகராறு வந்தது. பசையைக் கலந்து ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கலக்க வேண்டும், அதன் பின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கக் கூடாது. கொஞ்சம் இறுகியதும் சித்தாள் கை பழக்கத்தில் சொம்பை எடுத்தது. மேஸ்திரியே தடுத்துவிட்டார். 'தண்ணி ஊத்துனா இளகும்மா, ஆனா புடிக்காது' என்றார். அரை வாளி பசையைக் கொட்ட வேண்டியிருந்தது. கொட்டினோம்.

வேலையைக் காலை ஏழரைக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு நிறுத்தினோம். மேற்குச் சுவருக்கு அதுவரை நிழல். ஒட்ட அரை மணி நேரம் கிடைக்கும் என்பது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. வெயில் ஏறிய சுவரில் பத்தே நிமிடத்தில் பசையின் மேல் ஆடை படர்ந்துவிடுகிறது. விரலால் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டவில்லை என்றால் அந்தப் பசையைச் சுரண்டி எறிந்துவிட வேண்டும். ஒட்டுமுன் ஈரப் பஞ்சால் சுவரை ஒருமுறை துடைத்தோம்.

கீழே ரசமட்டம் பார்த்து ஓர் அலுமினியக் கட்டையை அடித்து, அதன் மேல் முதல் வரிசையை உட்கார வைத்தார்கள். மூன்றாவது ஷீட்டை ஒட்டி மூன்று நிமிடம் ஆனதும், 'அண்ணே, அதக் கழட்டிப் பாப்போமா?' என்று கேட்டேன். முகம் சுளித்தாலும் கழற்றினார். சுவரில் பல் கரண்டியின் கோடுகள் வயலில் உழுத சால் மாதிரி அப்படியே நின்றன. கல்லின் முதுகில் அந்தக் கோடுகளின் உச்சி மட்டும் ஒட்டியிருந்தது. பாதி இடம் காற்று. சர்வதேச நடைமுறையில் வெளிச்சுவருக்கு 95 சதவீதமும் ஈரம் படாத உட்சுவருக்கு 80 சதவீதமும் பசை படர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். காற்று நின்ற இடத்தில் மழைநீர் தேங்கும், அங்கிருந்துதான் உப்புப் பூக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஷீட்டின் முதுகிலும் மெல்லிசாகப் பசையைத் தேய்த்து, சுவரிலும் பூசி, அழுத்தி ஒட்டினார்கள். வேலை ஒன்றரை நாள் கூடியது. இந்த வீட்டில் நான் கொடுத்த கூலியில் மிகச் சரியாகப் போய்ச் சேர்ந்தது அந்த ஒன்றரை நாள் கூலிதான்.

ஷீட்டுகளை ஒரே பெட்டியிலிருந்து வரிசையாக எடுக்கக் கூடாது. நான்கு பெட்டியைப் பிரித்துக் கலந்து எடுத்தால்தான் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியாது. ஷீட்டும் ஷீட்டும் சேரும் கோடு தெரிந்தால் ஓரத்துத் துண்டு ஒன்றிரண்டைக் கழற்றி இடம் மாற்றிச் செருகலாம்.

வெட்டும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மணற்கல்லில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. கிரைண்டரில் உலர வெட்டும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். சிலிக்கோசிஸ் என்ற நோய் அப்படித்தான் வருகிறது, வந்தால் குணமாவதில்லை. இந்தக் கல்லை வெட்டியெடுக்கும் ராஜஸ்தானில் இந்த நோய்க்கென்றே மாநில அரசு 2019-இல் ஒரு கொள்கை வகுக்க வேண்டிவந்தது. நம் வீட்டு வாசலில் ஒரு பையன் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கல் வெட்டுகிறான். துண்டு அந்தத் தூளைத் தடுக்காது. கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று வெட்டும் இடத்தில் விடாமல் தண்ணீர் விட வேண்டும், அல்லது தண்ணீர்க் குழாயோடு வரும் கட்டரை வாடகைக்கு எடுக்க வேண்டும். என்95 முகக்கவசம் ஒரு டஜன் வாங்கிக் கொடுங்கள். கல்லுக்கு இவ்வளவு செலவு செய்கிற வீட்டுக்காரர் இதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

உள்ளே மார்பிள் மொசைக் இன்னும் நுணுக்கம். வெள்ளை மார்பிளில் வெளிச்சம் சற்று ஊடுருவும். சாம்பல் நிறப் பசை போட்டால் கல் அழுக்கேறியது போலத் தெரியும். வெள்ளைப் பசைதான் போட வேண்டும், போட்டோம். கிரவுட் அடிப்பதற்கு முன் ஒருமுறை சீலர் அடித்தோம். அடிக்காவிட்டால் கிரவுட்டின் நிறம் துண்டின் ஓரங்களில் ஊறி, ஒவ்வொன்றுக்கும் சட்டம் போட்டது போல ஆகிவிடும்.

எல்லாம் முடிந்த அன்று சித்தாள் ஆசிட் பாட்டிலோடு வந்தார். கறை கழுவ நம் ஊரில் அதுதான் வழக்கம். அடுக்களையில் கடப்பா கல் மேடை உள்ளவர்கள் எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். கடப்பாவும் மார்பிளும் சுண்ணாம்புக் கல் இனம், அமிலம் பட்டால் மேல்பரப்பு கரைந்துவிடும். மணற்கல்லிலும் ஆசிட் இரும்புச் சத்தைக் கிளறித் துருநிறக் கறையைக் கொண்டுவரலாம். வெறும் தண்ணீரும் பஞ்சும் போதும், கலவை காய்வதற்குள் துடைத்தால்.

வெளிக்கல்லுக்குக் கடைசியாக ஊடுருவும் வகை சீலர் இரண்டு கோட் அடித்தோம். சிலேன், சிலாக்சேன் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரை உள்ளே விடாது, சுவரிலுள்ள ஓதத்தை ஆவியாக வெளியே விடும். பளபளப்புக்கு அடிக்கும் லாக்கர் ஓதத்தை அடைத்து வைத்துப் பிறகு தோலாக உரியும். சுவரின் தலையில் கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவே திறந்து கிடந்த இடுக்கை ஒரு கிரானைட் பட்டை வைத்து மூடினோம். கல்லுக்குப் பின்னால் தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

மழைக்காலம் முடிந்ததும் மறுபடி சுவரைத் தட்டிப் பார்த்தேன். எங்கும் டொப் இல்லை. கீழ்வரிசையில் ஓரிடத்தில் மட்டும் லேசாக உப்புப் பூத்திருந்தது, உலர்ந்த பிரஷால் தேய்த்ததும் போய்விட்டது. குறை என்றால் தூசி. உடைத்த முகத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் சாலைத் தூசி படிகிறது, சிலந்தி வலை கட்டுகிறது. மாதம் ஒருமுறை பிரஷ் போட முடியாத வீட்டுக்கு வழவழப்பாக அறுத்த கல்தான் சரி.

என் தீர்ப்பு: உட்சுவருக்குத் தயங்காமல் போடலாம். வெளிச்சுவருக்கு, பத்து அடி உயரத்துக்குள், பூச்சு கெட்டியாக இருந்தால், பசைக்கும் நாளுக்கும் செலவு செய்ய மனம் இருந்தால் போடுங்கள். அதற்கு மேலே போவதானால் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப் வைத்துச் சுவரோடு முடுக்க வேண்டும், பசையை மட்டும் நம்பாதீர்கள். கீழே ஆள் நடக்கிற இடம் அது. இவ்வளவுக்கும் வசதி இல்லையென்றால் டெக்ஸ்சர் பெயின்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வாங்கும்போது பத்து ஷீட்டுக்கு ஒன்று கூடுதலாக வாங்குங்கள். குவாரியில் அடுத்த லாட் வேறு நிறத்தில்தான் வரும். எங்கள் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஐந்து ஷீட் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறோம்.