நிலம் மயங்குமோ?

அகத்திணைப் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தது தொல்காப்பியம். நிலமும் பொழுதும் முதற்பொருள்; மரமும் விலங்கும் புள்ளும் தொழிலும் பிறவும் கருப்பொருள்; புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவை உரிப்பொருள். முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பர் உரையாசிரியர். பாட்டின் சுவை நோக்கின் அது பொருந்தும். சார்பு நோக்கின் வரிசை தலைகீழாகும். நிலமும் பொழுதும் இன்றேல் ஏனைய இரண்டும் இல்லை.

பல்கலைக்கழக உயிரியல் துறைகளின் ஆண்டு ஆய்வு நாள்களில், காலநிலை மாறினால் உயிர்கள் என்னாகும் என்னும் வினா இன்று முன்னிற்கின்றது. முதற்பொருள் திரிந்தால் கருப்பொருள் என்னாகும் என்பதே அவ்வினா. இவ்வொப்புமை கண்டு, இன்றைய அறிவியலைத் தொல்காப்பியம் அன்றே கூறிவிட்டது என முழங்குவது மிகை. அது பாட்டுக்குரிய இலக்கணம். வெப்பத்தை அளந்த கணக்கன்று. மேலும், திணை மயங்கலாம், நிலத்தோடு நிலம் மயங்குதல் இல்லை என்றே அது விதித்தது.

அவ்விதி இன்று சிலாங்கூர்க் கரையில் சோதனைக்கு உள்ளாகின்றது. கோலசிலாங்கூர் வட்டாரத்துச் சுங்கை செம்பிலாங், செம்பிலாங் எனும் கெளிற்று மீனின் பெயர் தாங்கிய ஊர்; நெய்தற் கருப்பொருளே நிலத்துக்குப் பெயராயிற்று. வடக்கே தஞ்சோங் காராங்கும் செகிஞ்சானும் நெல் விளையும் மருதம். கடலுக்கும் வயலுக்கும் இடையே நிற்பது மண்கரை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்ததென 2021-இல் வெளிவந்த ஐ.நா. காலநிலை அறிக்கை கூறும். உப்புநீர் கரை கடந்து வயலிற் புகுமாயின், இலக்கணம் விலக்கிய நில மயக்கம் கண்முன்னே நிகழும்.

கம்போங் குவாந்தான் மின்மினிகளும் இவ்வாறே. சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் அவை ஒருசேர ஒளிரும். அவற்றின் புழுக்கள் கரையின் ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளரும். பெரெம்பாங், உப்பு குறைந்த கழிநீரில் தழைக்கும் மரம். உப்பு மேலேறின் மரம் இடம்பெயரும், ஒளியும் உடன்பெயரும். கரைமரங்களை அழித்த மனிதர் கையும் இக்கேட்டுக்கு உடந்தை. அப்பகுதி 2009-இல் பாதுகாப்புக்கு உட்படுத்தப்பட்டது.

1961-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைத் தலைமை ஏற்ற தனிநாயக அடிகள், சங்கப் பாட்டின் இயற்கையைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் நூல் செய்தார். திணையை உலகறியச் செய்த பெருமை அதற்குண்டு. ஆயின் நிலமே மாறினால் திணை என்னாகும் என்பது அந்நூல் எடுத்துக்கொண்ட வினா அன்று. அவ்வினா இத்தலைமுறைக்கு உரியது.

உயிரியலார் உப்பையும் நத்தையையும் அளப்பர். நெய்தலுக்குரிய இரங்கலை அளக்கும் கருவி அவரிடம் இல்லை. அது தமிழாசிரியரிடம் உள்ளது. கூதிரும் முன்பனியும் காணாத தோட்டத்துப் பிள்ளைக்கு அவற்றை மனப்பாடமாக மட்டும் புகட்டுதல் போதாது. அவன் அறிந்த பொழுது இருவகைப் பருவக்காற்றும், ஏற்ற வற்றமும். பாடம் மண்கரையிலும் பெரெம்பாங் மரத்தடியிலும் தொடங்கட்டும்; தொல்காப்பியம் அதன்பின் தானே விளங்கும்.