தக்கை அசையும் நேரம்

சேலத்திலிருந்து கடலுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வஞ்சிரமும் சங்கராவும் எங்கள் சந்தைக்கு ஐஸ் பெட்டியில்தான் வந்து சேரும். ஆனாலும் தானே தூண்டில் போட்டுப் பிடித்து, அன்றைக்கே ஆக்கிச் சாப்பிடும் சுகத்துக்கு இந்தப் பக்கம் குறைவே கிடையாது. காவிரி இருக்கிறது. 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை இருக்கிறது. 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. தண்ணீர் நிற்கும் அந்த நீர்த்தேக்கத்தில், அனுமதி பெற்ற மீனவர்கள் பரிசலில் போய் வலை விரிக்கிறார்கள். கீழே பூலாம்பட்டிப் பக்கம் கதவணை தேக்கி வைத்த அமைதியான நீர்ப்பரப்பு. இன்னும் கீழே, நாமக்கல் மாவட்டத்தில், ராஜவாய்க்கால் பிரிகிற ஜேடர்பாளையம் படுகை அணை. ஓய்வு நாளில் தூண்டிலோடு வருகிறவர்களுக்கு இந்தக் கரைகள்தான் சொர்க்கம்.

தூண்டில் என்பது சும்மா உட்கார்ந்து காத்திருக்கும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல தூண்டில்காரர் ஒருவர் பக்கத்தில் அரை மணி நேரம் இருந்து பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். அடியில் இருக்கும் மீன் கண்ணுக்குத் தெரியாது. அது என்ன மீன், எந்த ஆழத்தில் மேய்கிறது, இரையை விழுங்கிவிட்டதா, முகர்ந்துதான் பார்க்கிறதா என்பதையெல்லாம் தக்கையின் அசைவிலிருந்தே அவர் படித்துவிடுவார். அந்தப் படிப்புதான் இந்தக் கலை.

மீனின் வாயைப் பார்த்தாலே பாதி பாடம் புரியும். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கித் திறக்கும். அது மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுத்தண்ணீர் மீன். மிர்காலுக்கு வாய் கீழ்ப்பக்கம். தரையைத் துழாவித் தின்னும். அதனால் தூண்டில் முள்ளுக்கும் தக்கைக்கும் நடுவே எவ்வளவு நரம்பு விடுகிறோம் என்பதே எந்த மீனைக் கூப்பிடுகிறோம் என்பதைத் தீர்மானிக்கும். இரையும் அப்படித்தான். தவிடும் கடலைப் புண்ணாக்கும் மைதாவும் பிசைந்த உருண்டைக்கு ரோகுவும் கட்லாவும் வரும். மண்புழு கோத்தால் கெளுத்தி வரும். விராலுக்கு உயிருள்ள இரை வேண்டும். சின்னத் தவளையைக் கண்டால் அது விடாது.

மயிலிறகுத் தண்டில் செய்த தக்கைக்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் கட்சி. எடையே இருக்காது, மீன் மூச்சு விட்டால்கூடச் சொல்லிவிடும். ஜிலேபி மீன் கொத்தும்போது தக்கை துடிக்கும், நிற்கும், மறுபடி துடிக்கும். அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். “இருங்க, இன்னுங் கொஞ்சம் கொத்தட்டுங்க” என்பார் பக்கத்தில் இருக்கும் பெரியவர். கெளுத்திக்கு விளையாட்டே தெரியாது. கவ்வியதும் தக்கையைச் சாய்வாக இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். பெரிய ரோகு மாட்டினால் முதல் ஓட்டத்தை விட்டுப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் வலிமை காட்டினால் நரம்பு அறுந்துவிடும். ஓடுகிற தண்ணீரில் தக்கைக்கு வேலையில்லை. ஈயக்குண்டைக் கட்டி அடியில் போட்டு, நரம்பை ஆள்காட்டி விரலில் வைத்துக்கொண்டால், கண் செய்த வேலையை விரல் செய்யும்.

கெளுத்தியைக் கரையேற்றியதும் அவசரப்பட்டுப் பிடிக்கக் கூடாது. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள் விறைத்து நிற்கும். குத்தினால் கை கடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு பக்க முள்ளுக்கும் பின்னால் விரல்களைக் கொடுத்து அணைத்துப் பிடித்தால் அடங்கிவிடும்.

பிடிப்பவருக்கு இருக்கிற அறிவு ஆக்குபவருக்கும் வேண்டும். தரையில் மேய்ந்த மீனில் சேற்று வாடை இருக்கும். கல்லுப்பும் புளியும் போட்டு நன்றாக உரசிக் கழுவினால் போய்விடும். ரோகுவில் பொடிமுள் அதிகம். குறுக்கே நெருக்கமாகக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு தடவி ஊறவிட்டு, கடலெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தால் முள் உறுத்தாது. மேட்டூரிலும் ஜேடர்பாளையத்திலும் கூட்டம் மொய்க்கும் வறுவலின் ருசி, பிடித்த மீன் வாணலிக்கு வர எடுத்துக்கொள்ளும் கொஞ்ச நேரத்தில்தான் இருக்கிறது. கட்லாவின் தலை குழம்புக்கென்றே பிறந்தது. கெளுத்திக்குச் செதிலும் இல்லை, சதைக்குள் பொடிமுள்ளும் இல்லை. குழந்தைக்கும் பயமில்லாமல் ஊட்டலாம். மாங்காய்க் காலத்தில் மண்சட்டிக் குழம்பில் நாலு துண்டு சேலத்து மாங்காயைப் போட்டு, இறக்கும் முன் நல்லெண்ணெய் விட்டு மூடி வைத்தால், மறுநாள் காலை இட்லிக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

இந்தச் சுகம் நிலைக்க வேண்டுமானால் நமக்கும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். விரால் இணை தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காத்துக்கொண்டே திரியும். அப்போது அவற்றைப் பிடித்தால் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத திமில் மஹசீர் மீன், 2018-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 1873-இல் சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றித் தனி நூலே எழுதும் அளவுக்கு அவரைக் கட்டிப்போட்டது மஹசீர் இனம்தான்.

ஆகவே தூண்டில்கார நண்பர்களே, உள்ளங்கை அளவு மீனையும் காவல் விராலையும் தண்ணீருக்கே விட்டுவிடுங்கள். மஹசீர் மாட்டினால் ஈரக்கையால் பிடித்து முள்ளைக் கழற்றி உடனே விடுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும். அணையில் தண்ணீர் திறக்கும் அறிவிப்பு வந்தால், எவ்வளவு பெரிய மீன் கொத்தினாலும் எழுந்து கரையேறிவிடுங்கள். குடும்பத்துக்கு ஒரு வேளைக்குப் போதுமான மீன் கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவதுதான் நல்ல தூண்டில்காரருக்கு அழகு.